எஃப்சிங்க்குக்கு ஒரு போலி: சி மொழி யூனிட் டெஸ்ட் பற்றிய நிகழ்வு ஆய்வு

இது சி மொழியில் எழுதிய ஒரு சின்ன மாட்யூலைப் பற்றியது. குளிர்பதனக் கிடங்குகளில் வெப்பநிலையைப் பதிவு செய்யும் லினக்ஸ் பெட்டி ஒன்று. அதன் செட்டிங்ஸ் ஃபைலைப் பத்திரமாக எழுதி வைப்பதுதான் மாட்யூலின் வேலை. கரண்ட் எப்போது வேண்டுமானாலும் போகும். போய்த் திரும்ப வரும்போது பழைய செட்டிங்ஸ் முழுதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் புதியது முழுதாக இருக்க வேண்டும். அரைகுறைக்கு இடமில்லை.

மாட்யூலுக்கு யூனிட் டெஸ்ட் இருந்தது, எல்லாம் பாஸ். ஆனால் களத்திலிருந்து திரும்பி வந்த சில பெட்டிகளில் செட்டிங்ஸ் ஃபைலின் நீளம் சரியாக இருந்தது, உள்ளே முழுக்கப் பூஜ்யங்கள். கரண்ட் போவதற்குச் சற்று முன் பதிவான லாக் வரி 'சேமித்தாயிற்று' என்றது. மெமரி கார்டு பழுது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கார்டு என்றால் பழுதாகும், அது எதிர்பார்த்ததுதான். பழுதான கார்டில் எழுத முடியாதபோது, எழுதிவிட்டேன் என்று மாட்யூல் ஏன் சொன்னது? எழுதுவது தோற்கும் கிளைக்கென்றே ஒரு டெஸ்ட் இருந்தது, அது எப்படிப் பாஸ் ஆனது?

முதல் கேள்விக்குப் பதில் சீக்கிரமே கிடைத்துவிட்டது. இரண்டாவதுதான் இந்தக் கட்டுரை. கம்பைல் ஆகும் மொழியில் ஒரு ஃபங்ஷனை மாக் செய்வது, அதாவது டெஸ்டுக்காக அதன் இடத்தில் ஒரு போலியை வைப்பது, எப்படி என்று கேட்டால் பேச்சு உடனே கருவிகள் பக்கம் போய்விடுகிறது: எந்த ஃபிரேம்வொர்க், எந்த லிங்கர் ஆப்ஷன். அதுவும் வேண்டும், கீழே விரிவாகவே சொல்கிறேன். ஆனால் போலி ஃபங்ஷன் எழுதும் ஒவ்வொரு தடவையும், அசல் ஃபங்ஷன் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று நாம் ஒன்றை அடித்துச் சொல்கிறோம். அது தப்பாக இருந்தால், தப்பான கோடுக்கு டெஸ்டே காவல் நிற்கும்.

கோட் செய்வது என்ன

செட்டிங்ஸ் ஃபைல் இருக்கும் அதே டைரக்டரியில் ஒரு தற்காலிக ஃபைலைத் திறக்கிறது. புதிய செட்டிங்ஸை அதில் எழுதுகிறது. எஃப்சிங்க் கூப்பிட்டு, கர்னலின் பேஜ் கேஷில் (கார்டுக்குப் போகும் முன் தரவு தங்கும் மெமரிப் பகுதி) இருப்பதைக் கார்டுக்குத் தள்ளச் சொல்கிறது. மூடுகிறது. ரீநேம் செய்து, பழைய ஃபைலின் பெயரில் புதியதை உட்கார வைக்கிறது. கடைசியாக டைரக்டரியைத் திறந்து அதற்கும் ஒரு எஃப்சிங்க், ரீநேம் ஆனதும் கார்டில் பதிய வேண்டும் என்பதற்காக. ரீநேம் பிரிக்க முடியாத ஒற்றைச் செயல் என்று யூனிக்ஸ் வகைகளுக்கான போசிக்ஸ் தரநிலை உறுதி தருவதால் யூனிக்ஸ் உலகில் பல காலமாகப் புழங்கும் முறை இது.

இதில் எஃப்சிங்க்கை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது 2009 வாக்கில் லினக்ஸ் உலகத்துக்கே தெரிந்தது. எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம் தரவுக்கு இடம் ஒதுக்குவதைத் தள்ளிப் போடும். ரீநேம் மட்டும் முன்னால் பதிந்து, தரவு பதியும் முன் கம்ப்யூட்டர் நின்றுவிட்டால் காலி ஃபைல்தான் மிஞ்சும். அப்புறம் இந்த ரீநேம் முறையைக் கர்னலே அடையாளம் கண்டு தரவை முன்னதாக எழுதும்படி திருத்தினார்கள். ஆனாலும் எஃப்சிங்க் போடுவதுதான் முறை.

எல்லாம் நன்றாக நடக்கும் பாதையை டெஸ்ட் செய்ய மாக் எதுவும் தேவையில்லை. ஒரு தற்காலிக டைரக்டரியில் எழுதி, திரும்பப் படித்துப் பார்த்தால் போதும். தோல்விப் பாதைகளிலும் சிலவற்றை நிஜமாகவே உண்டாக்கலாம். லினக்ஸில் டெவ் ஃபுல் என்று ஒரு சாதன ஃபைல் இருக்கிறது, அதில் எதை எழுதினாலும் 'இடமில்லை' என்ற பிழைதான் வரும். சில கிலோபைட் அளவில் ஒரு டிஎம்பிஎஃப்எஸ் (மெமரியிலேயே இருக்கும் ஃபைல்சிஸ்டம்) மவுன்ட் செய்தால், பாதி எழுதியதும் இடம் தீர்ந்துபோகும். நிஜமாக உண்டாக்க முடிந்த தோல்விக்கு மாக் எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மாக் மிச்சத்துக்குத்தான்: ரைட் பாதி பைட்டுகளோடு திரும்புவது, நடுவில் சிக்னல் வந்து குறுக்கிடுவது, ரீநேம் தோற்பது, எல்லாவற்றுக்கும் மேலாக எஃப்சிங்க் 'ஈஐஓ' என்ற உள்ளீடு-வெளியீட்டுப் பிழையோடு திரும்புவது.

எங்கே வெட்டுவது

பைதானில் ஃபங்ஷனின் பெயர் புரோகிராம் ஓடும்போதும் பெயராகவே இருக்கிறது. அந்தப் பெயரில் வேறொன்றைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. சி-யில் அப்படி முடியாது. எல்லாம் முடிந்தபின் மிஞ்சுவது ஒரு கால் இன்ஸ்ட்ரக்ஷனும் ஒரு முகவரியும்தான். ஆனால் கம்பைலர் முடித்துவிட்டு, துண்டுகளை ஒரே புரோகிராமாக இணைக்கும் லிங்கர் தொடங்காத ஒரு கட்டம் நடுவில் உண்டு. ஆப்ஜெக்ட் ஃபைல் என்று சொல்வது அதைத்தான். வெளியே இருக்கும் ஃபங்ஷன்கள் அதில் இன்னும் பெயர்களாகவே இருக்கும்.

எங்கள் மாட்யூலின் ஆப்ஜெக்ட் ஃபைல் மேல், அதில் உள்ள பெயர்களைக் காட்டும் என்எம் கமாண்டை ஓட்டினால் ஒரு குட்டிப் பட்டியல் வரும். ஓபன் (எங்கள் பில்டில் அது எந்தப் பெயரில் நின்றது என்பது பின்னால் வரும்), ரைட், எஃப்சிங்க், க்ளோஸ், ரீநேம், ஃபைலை நீக்கும் அன்லிங்க் ஆகிய ஆறுக்கும் முன்னால் 'யூ' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். வரையறை இந்த ஃபைலில் இல்லை, லிங்கர்தான் தேடித் தர வேண்டும் என்று பொருள். வெளியார் கூப்பிடும் சேமிப்பு ஃபங்ஷனுக்கு முன்னால் பெரிய 'டி' (T). ரைட்டைச் சுற்றி லூப் போட்டு எல்லா பைட்டையும் எழுதி முடிக்கும் ஸ்டாட்டிக் ஃபங்ஷனுக்கு, அதாவது இந்த ஃபைலுக்கு வெளியே தெரியாத ஃபங்ஷனுக்கு, சின்ன 'டி' (t). ஓ2 ஆப்டிமைசேஷனோடு கம்பைல் செய்தால் அந்தச் சின்ன 'டி' வரியே காணாமல் போய்விடுகிறது. அதைக் கூப்பிடும் இடத்திலேயே அதன் கோடைப் பதித்து கம்பைலர் இன்லைன் செய்துவிட்டதுதான் காரணம்.

எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்பதற்கு இந்தப் பட்டியல் ஒன்றே போதும். 'யூ' உள்ள இடத்தில் வெட்டலாம். சின்ன 'டி' பக்கம் போக வேண்டாம். குழுவில் ஒருவர் அந்த ஸ்டாட்டிக் ஃபங்ஷனையும் மாக் செய்யக் கேட்டார். அதற்காக ஸ்டாட்டிக்கை எடுத்துவிட்டு வேறு ஃபைலுக்கு மாற்றலாம், வேலை செய்யும். ஆனால் அந்த லூப் சரியாக இருக்கிறதா என்பதும் டெஸ்ட் சொல்ல வேண்டிய விஷயம்தானே? நம் கோடையே போலியாக்கிவிட்டு எதைச் சோதிக்கிறோம்? நம் கோட் முடிந்து கர்னல் தொடங்கும் எல்லையில் வெட்டினால் நம்முடையது மொத்தமும் டெஸ்டுக்குள் வந்துவிடும். அங்கேயே வெட்டினோம்.

அந்த எல்லையில் வெட்டவும் பல வழிகள். கம்பைலருக்கு ஒரு மேக்ரோ (சொல்லுக்குச் சொல் மாற்றும் விதி) கொடுத்து 'எஃப்சிங்க் என்று வரும் இடமெல்லாம் போலி எஃப்சிங்க் என்று படி' எனச் சொல்லலாம். எளிது, எல்லாக் கம்பைலரிலும் நடக்கும். ஆனால் மேக்ரோவுக்கு எது ஃபங்ஷன், எது ஸ்ட்ரக்சரின் உறுப்பு என்று தெரியாது. ரைட் என்ற பெயரில் ஒரு உறுப்பு இருந்தால் அதன் பெயரையும் மாற்றிவிடும். தவிர, டெஸ்டுக்கு ஒரு ஆப்ஜெக்ட் ஃபைல், பெட்டிக்குப் போவது வேறொன்று என்று ஆகிவிடும். நமக்கு வேண்டியது பெட்டிக்குப் போகும் அதே ஆப்ஜெக்ட் ஃபைல்.

ஃபங்ஷன் பாயின்டர்களை ஒரு ஸ்ட்ரக்சரில் வைத்து, அதன் வழியாகவே எல்லாவற்றையும் கூப்பிடுவது இன்னொரு வழி. சீக்வலைட் டேட்டாபேஸ் லைப்ரரி இதைத்தான் செய்கிறது. அதன் யூனிக்ஸ் அடுக்கில் ஓபன், ரைட் போன்ற சிஸ்டம் கால்கள் (கர்னலை நோக்கிய அழைப்புகள்) ஒரு அட்டவணையில் இருக்கின்றன. 2011-ல் வந்த 3.7.6 பதிப்பு முதல் அந்த அட்டவணையின் எந்த வரியையும் டெஸ்ட் கோட் மாற்றி வைக்க முடியும். புதிதாகத் தொடங்கும் புராஜெக்டாக இருந்தால் நானும் இதைத்தான் எடுத்திருப்பேன். ஓடும்போதே மாற்றலாம், எந்த லிங்கராக இருந்தாலும் கவலையில்லை. களத்தில் பல பெட்டிகளில் ஓடும் கோடில், டெஸ்டுக்காக ஒவ்வொரு அழைப்பையும் பாயின்டர் வழியாகத் திருப்புவதற்கு எங்கள் குழு சம்மதிக்கவில்லை. அந்தத் தயக்கம் நியாயமானதே.

புரோகிராம் தொடங்கும்போது நம் லைப்ரரியை முந்தி ஏற்றும் எல்டி ப்ரீலோட், லைப்ரரிகளை ஓடும்போது சேர்க்கும் டைனமிக் லிங்க் ஆன புரோகிராமுக்கு மட்டும்தான் உதவும், எங்கள் பெட்டியில் எல்லாம் முன்பே உள்ளே சேர்ந்த ஸ்டாட்டிக் பைனரி. ஓடும் புரோகிராமின் மெமரியிலேயே ஃபங்ஷனின் முதல் சில பைட்டுகளை அழித்து ஜம்ப் இன்ஸ்ட்ரக்ஷன் எழுதும் முறையும் உண்டு. கோ மொழியில் இப்படிச் செய்பவர்கள் டெஸ்டுக்காக இன்லைனிங்கையே அணைக்க வேண்டியிருக்கிறது. அந்த அளவுக்குப் போகும் தேவை எங்களுக்கு இல்லை.

எடுத்தது ஜிஎன்யூ லிங்கரின் 'ராப்' ஆப்ஷன். அதற்கு எஃப்சிங்க் என்ற பெயரைக் கொடுத்தால், தீராமல் நிற்கும் எஃப்சிங்க் அழைப்புகளை எல்லாம் 'ராப்' முன்னொட்டு சேர்ந்த பெயருக்கு லிங்கர் திருப்பிவிடும். அந்தப் பெயரில் நம் போலியை எழுதி வைக்கலாம். போலிக்குள்ளிருந்து அசல் தேவைப்பட்டால் 'ரியல்' முன்னொட்டோடு கூப்பிடலாம், அது கர்னலுக்குப் போகும் நிஜ ஃபங்ஷனில் போய் நிற்கும். எல்எல்விஎம்மின் எல்எல்டி லிங்கரிலும் இது இருக்கிறது. ஆப்பிளின் லிங்கரில் இல்லை, அதனால் மேக் வைத்திருந்தவர்கள் டெஸ்டை லினக்ஸ் கன்டெய்னருக்குள் ஓட்டினார்கள்.

ராப் சத்தமில்லாமல் தோற்கும் இடங்கள்

ராப் ஆப்ஷனில் ஒரு பெரிய குறை. பெயர் பொருந்தவில்லை என்றால் லிங்கர் எதுவுமே சொல்லாது. பிழை வராது, எச்சரிக்கை கூட வராது. போலி ஒரு ஓரமாகக் கிடக்கும், அழைப்பு அசலுக்கே போகும்.

ஓபன் ஃபங்ஷனில் அதுதான் நடந்தது. பெரிய ஃபைல்களுக்காக ஃபைல் ஆஃப்செட்டை 64 பிட் ஆக்கும் மேக்ரோ எங்கள் பில்டில் இருந்தது. அது இருந்தால் லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியின் ஹெட்டர் ஃபைல் 'ஓபன்' அழைப்பை 'ஓபன்64' என்ற சிம்பலுக்கு (லிங்கர் பார்க்கும் பெயருக்கு) மாற்றிவிடும். கோடில் படிப்பது ஓபன், ஆப்ஜெக்ட் ஃபைலில் கிடப்பது ஓபன்64. 'ஓபன் தோற்றால் சேமிப்பும் தோற்க வேண்டும்' என்ற டெஸ்ட் ஃபெயில் ஆனது, அதனால் தெரிந்துவிட்டது. இதுவே 'ஓபன் முதலில் குறுக்கிடப்பட்டு மறுபடி வெற்றி' என்ற டெஸ்டாக இருந்திருந்தால், போலியைத் தொடாமலேயே பாஸ் ஆகியிருக்கும். கோடைப் படித்து ராப் பட்டியல் எழுதாமல், என்எம் காட்டும் பெயர்களைப் பார்த்து எழுதுவது இதனால்தான்.

இதே வகையில் இன்னும் சில. ஃபோர்ட்டிஃபை பாதுகாப்பு மேக்ரோ இருந்தால் ரீட் அழைப்பு சில இடங்களில் 'ரீட் செக்' என்ற வேறு சிம்பலாக மாறும். வெறும் ஒரு வரியை அச்சிடும் பிரின்ட்எஃப்பை ஜிசிசி கம்பைலர் புட்ஸ் ஆக்கிவிடும். 2021-ல் வந்த 2.33 பதிப்புக்கு முந்தைய ஜிலிப்சியில் ஸ்டாட் என்பது தனிச் சிம்பலே இல்லை, 'எக்ஸ்ஸ்டாட்' என்ற உள் ஃபங்ஷனைக் கூப்பிடும் மேலுறை மட்டுமே. அப்புறம், ஜிலிப்சி தனக்குள்ளேயே செய்துகொள்ளும் அழைப்புகள். லாக் எழுதும் கோட் எஃப்பிரின்ட்எஃப் வழியாக எழுதினால், கடைசியில் நடக்கும் ரைட் ஜிலிப்சி தன் உள்பெயரில் கூப்பிடுவது. நம் போலி ரைட்டுக்கு அது வரவே வராது.

இதற்காக ஒரு கட்டாய விதி வைத்தோம்: ஒவ்வொரு போலியும் தன்னை எத்தனை தடவை கூப்பிட்டார்கள் என்று எண்ணும், ஒவ்வொரு டெஸ்டும் முடிவில் அந்த எண்ணிக்கை பூஜ்யம் இல்லை என்று சரிபார்க்கும். போலி எதுவும் தானாகத் தோற்கக் கூடாது என்பது இரண்டாவது விதி. டெஸ்ட் கேட்டால் மட்டும் தோற்கும், மற்ற நேரத்தில் அழைப்பை அசலுக்கு அனுப்பிவிடும். ராப் என்பது லிங்க் ஆகும் எல்லா ஆப்ஜெக்ட் ஃபைலுக்கும் பொதுவானது. டெஸ்ட் கோடின் எந்த வரிகளைத் தொட்டது என்ற கவரேஜ் கணக்கெடுக்கும் ஜிகவ் லைப்ரரி ஸ்டாட்டிக்காக உள்ளே சேர்வதால், அது தன் தரவு ஃபைலைத் திறக்கும் அழைப்பும் நம் போலி ஓபனுக்கே வந்து சேரும். போலி அப்போதும் தோல்வி நிலையில் இருந்தால் டெஸ்ட் பாஸ் ஆகும், கவரேஜ் அறிக்கை மட்டும் வராது.

ஓபனுக்குப் போலி எழுதும்போது இன்னொன்று. அது மாறும் எண்ணிக்கையில் ஆர்குமென்ட் வாங்கும் ஃபங்ஷன். மூன்றாவதான அனுமதி மோடு, ஃபைலை உருவாக்கச் சொல்லும் கொடி இருந்தால் மட்டுமே வரும். போலி அதை எப்போதும் படித்தால், வராத நேரத்தில் குப்பையைப் படிக்கும்.

பாஸ் ஆன டெஸ்ட்

இனி எஃப்சிங்க். பழைய கோடில் இருந்தது இதுதான்: எஃப்சிங்க் தோற்றால் கொஞ்சம் காத்திருந்து மறுபடி கூப்பிடு, மூன்று தடவை வரை. மூன்றில் ஒன்று வெற்றி என்று திரும்பினால் மேலே போ, ரீநேம் செய், 'சேமித்தாயிற்று' என்று லாக் எழுது. மெமரி கார்டுகள் அவ்வப்போது தடுமாறி மறுபடி சரியாவது உண்டு என்பதால், எழுதியவர் அக்கறையோடுதான் எழுதியிருந்தார்.

அதற்கான டெஸ்ட், சி மொழிக்கான டெஸ்ட் லைப்ரரியான சிமாக்காவில் இருந்தது. போலி எஃப்சிங்க் என்னென்ன திருப்ப வேண்டும் என்று 'வில் ரிட்டர்ன்' மூலம் முன்கூட்டியே வரிசையில் போட்டு வைப்பது அதன் வழக்கம். முதல் தடவை −1, இரண்டாம் தடவை 0. சேமிப்பு ஃபங்ஷன் வெற்றி என்று திரும்ப வேண்டும், எஃப்சிங்க் இரண்டு தடவை கூப்பிடப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் நடந்தன, டெஸ்ட் பாஸ்.

இதில் கவனிக்க வேண்டியது, லினக்ஸின் எஃப்சிங்க்கும் இதே இரண்டு எண்களைத்தான் திருப்புகிறது என்பது. பழுதான கார்டில் முதல் தடவை −1, இரண்டாம் தடவை 0. திரும்பும் மதிப்பு வரைக்கும் போலி அச்சுப் பிசகாமல் சரி. ஆனால் அந்த 0 சொல்வது 'தரவு பதிந்துவிட்டது' என்பதை அல்ல. கேஷில் இருக்கும் பேஜை எழுத முயன்று தோற்றதும், கர்னல் அந்தப் பேஜை 'எழுத வேண்டியது' என்ற பட்டியலில் இருந்து எடுத்துவிடுகிறது. பிழையை ஒரு தடவை நமக்குச் சொல்கிறது. அடுத்த எஃப்சிங்க் வரும்போது எழுத வேண்டியது என்று எதுவும் இல்லை, புதிய பிழையும் இல்லை, அதனால் 0. தரவு கார்டுக்குப் போகவே இல்லை. இந்த நிலையில் ஃபைலைப் படித்துப் பார்த்தாலும் எக்ஸ்ட்4-ல் சரியாகவே தெரியும், கேஷில் இருந்து வருவதால். கரண்ட் போய் கேஷ் அழிந்த பிறகுதான் பூஜ்யங்கள் வெளியே தெரியும்.

இதில் சறுக்கியவர்கள் பெரிய ஆட்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் எஃப்சிங்க் தோற்றால் மறுபடி முயன்றுகொண்டுதான் இருந்தது. 2018-ல் அந்தக் குழுவுக்கு லினக்ஸ் கர்னலின் இந்த நடத்தை தெரியவந்து, கர்னல் டெவலப்பர்களோடு நீண்ட விவாதம் நடந்தது. 2019 பிப்ரவரியில் வந்த 11.2 முதல், எஃப்சிங்க் தோற்றால் போஸ்ட்கிரெஸ் தன்னையே நிறுத்திக்கொண்டு, மாற்றங்களை முன்கூட்டியே எழுதி வைக்கும் லாக்கில் இருந்து மீண்டு வருகிறது. 2020-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் ஆகிய மூன்று ஃபைல்சிஸ்டங்களையும் சோதித்தார்கள். தோல்விக்குப் பிறகு பேஜைச் சுத்தம் என்று குறித்துவிடுவது மூன்றிலும் நடக்கிறது. ரெடிஸ், எல்எம்டிபி, லெவல்டிபி, சீக்வலைட், போஸ்ட்கிரெஸ் ஆகிய தரவுச் சேமிப்பு மென்பொருள்களையும் பார்த்துவிட்டு, எதன் உத்தியும் போதுமானதாக இல்லை என்று எழுதினார்கள்.

ஆகவே மறுமுயற்சி எழுதியவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. டெஸ்டின் பக்கம்தான் நான் நின்று பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். திரும்பும் மதிப்பை மட்டும் வரிசையாகக் கொடுக்கும் போலியால், எஃப்சிங்க் போன்ற ஒரு ஃபங்ஷனைப் பற்றி உண்மையாக எதையும் சொல்ல முடியாது. எஃப்சிங்க்கின் முழு அர்த்தமும் அதன் பக்க விளைவில் இருக்கிறது, திரும்பும் எண்ணில் கொஞ்சம்தான். அந்தப் போலி பக்க விளைவைப் பற்றி மௌனமாக இருந்தது. அந்த மௌனத்தை டெஸ்ட் எழுதியவர், '0 வந்தால் பதிந்துவிட்டது' என்று தன் நம்பிக்கையால் நிரப்பிக்கொண்டார். கோடை எழுதிய நம்பிக்கையும் டெஸ்டை எழுதிய நம்பிக்கையும் ஒன்றே. அப்படியிருக்கும்போது டெஸ்ட் எதைப் பிடிக்கும்?

கேஷும் கார்டும் தனித்தனியாக

புதிய போலி மெமரிக்குள்ளேயே ஒரு குட்டி ஃபைல்சிஸ்டம். ஒவ்வொரு ஃபைலுக்கும் இரண்டு நகல்கள், ஒன்று கேஷ், இன்னொன்று கார்டு. போலி ரைட் கேஷில் மட்டும் எழுதி, 'எழுத வேண்டியது' என்று குறிக்கும். போலி எஃப்சிங்க் வெற்றி பெற்றால் கேஷைக் கார்டுக்கு நகலெடுத்துக் குறியை நீக்கும். தோற்றால் நகலெடுக்காது, ஆனாலும் குறியை நீக்கும். அசலைப் போலவே அடுத்த எஃப்சிங்க் 0 திருப்பும். 'கரண்ட் போச்சு' என்று ஒரு ஃபங்ஷன், அதைக் கூப்பிட்டால் கேஷ் முழுதும் போய், கார்டில் இருப்பது மட்டும் மிஞ்சும். பதியாத இடங்கள் பூஜ்யமாகப் படிக்கும்.

ரீநேமுக்கு இரண்டு நடத்தைகள் வைத்தோம். ஒன்றில் பெயர் மாற்றம் உடனே கார்டில் பதிந்துவிடும், இன்னொன்றில் டைரக்டரிக்கு எஃப்சிங்க் வரும் வரை பதியாது. நிஜத்தில் இந்த இரண்டில் எதுவும் நடக்கலாம் என்பதால் எல்லா டெஸ்டும் இரண்டிலும் ஓடும்.

இப்படிச் செய்த உடனேயே பழைய டெஸ்ட் ஃபெயில் ஆனது. எஃப்சிங்க் −1, மறுபடி 0, ரீநேம், வெற்றி, கரண்ட் போச்சு, படித்தால் பூஜ்யங்கள். களத்திலிருந்து வந்த பெட்டியில் பார்த்தது அப்படியே டெஸ்டில்.

தோல்விகளை ஒவ்வொன்றாகக் கையால் எழுதுவதையும் விட்டுவிட்டோம். சீக்வலைட் குழு மெமரி ஒதுக்கீட்டுத் தோல்விகளைச் சோதிக்கும் முறையைப் பின்பற்றினோம். முதல் சிஸ்டம் காலைத் தோற்கடித்து ஓட்டு, அப்புறம் இரண்டாவதை, மூன்றாவதை, இப்படியே எந்தத் தோல்வியும் குறுக்கிடாமல் சேமிப்பு முடியும் வரை. ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் கரண்டை நிறுத்திப் பார்க்க வேண்டும். தோல்விக்குப் பதிலாக அந்த இடத்திலேயே கரண்ட் போவதும் இன்னொரு சுற்று. எல்லா ஓட்டத்துக்கும் கேள்வி மூன்றுதான். கார்டில் இருப்பது பழையது முழுதாகவா, புதியது முழுதாகவா? வெற்றி என்று திரும்பியிருந்தால் இருப்பது புதியதா? திறந்த ஃபைல் எல்லாம் மூடியாயிற்றா?

மூன்றாவது கேள்வி ஒரு கசிவைக் காட்டிக் கொடுத்தது. ரைட் தோற்றால் தற்காலிக ஃபைலை அன்லிங்க் செய்துவிட்டு, மூடாமலேயே திரும்பும் ஒரு பாதை இருந்தது. மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும் பெட்டியில் ஃபைல் டிஸ்கிரிப்டர்கள் (திறந்த ஃபைல்களுக்குக் கர்னல் தரும் எண்கள், அளவோடுதான் கிடைக்கும்) இப்படித்தான் தீரும்.

முதல் கேள்வி எங்களைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. கடைசியில் வரும் டைரக்டரி எஃப்சிங்க் தோற்றால் சேமிப்பு ஃபங்ஷன் தோல்வி என்று திரும்புகிறது. ஆனால் ரீநேம் நடந்துவிட்டது, கார்டில் புதியதும் இருக்கலாம், பழையதும் இருக்கலாம். 'தோல்வி என்றால் பழையதே இருக்க வேண்டும்' என்று டெஸ்டில் எழுதத் தோன்றும். அது சாத்தியமில்லாத வாக்குறுதி. அதனால் 'தோல்வி என்றால் இரண்டில் ஒன்று, முழுதாக' என்றே எழுதினோம். சேமிப்பு ஃபங்ஷனின் ஹெட்டர் ஃபைலில் உள்ள விளக்கத்தையும் அப்படியே மாற்றினோம், அதை நம்பி வேறு கோட் எழுதப்படுகிறது அல்லவா.

கோடுக்கான திருத்தம் சின்னதுதான். எஃப்சிங்க்குக்கு மறுமுயற்சி கிடையாது. தோற்றால் அந்தத் தற்காலிக ஃபைலை மூடி நீக்கிவிட்டு, மெமரியில் உள்ள செட்டிங்ஸை முதல் பைட்டில் இருந்து ஒரு புதிய தற்காலிக ஃபைலில் எழுத வேண்டும். புதிதாக எழுதும்போது பேஜ்கள் மறுபடி எழுத வேண்டியவை ஆகின்றன, அடுத்த எஃப்சிங்க்குக்கு உண்மையான வேலை இருக்கும். அதுவும் தோற்றால் தோல்வி என்றே மேலே சொல்லிவிட வேண்டும். ரீநேம் வரை வராததால் பழைய செட்டிங்ஸுக்கு எந்தச் சேதமும் இல்லை.

குட்டி ஃபைல்சிஸ்டம் சேமிப்பு மாட்யூலைவிடப் பெரிதாகவே வந்தது. இவ்வளவு வேண்டுமா என்று கேட்டவர்களுக்குச் சீக்வலைட்டின் கணக்கைக் காட்டினேன். 2023-ல் வந்த 3.42.0 பதிப்பில் லைப்ரரி ஏறக்குறைய 1,55,800 வரிகள், டெஸ்ட் கோட் அதைப்போல 590 மடங்கு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

பழைய டெஸ்டுகளில் பாதிக்கு மேல் நீக்கிவிட்டோம். ரைட் ஒரே தடவை, இத்தனை பைட்டோடு, அப்புறம் எஃப்சிங்க், அப்புறம் க்ளோஸ் என்று அழைப்பு வரிசையைச் சரிபார்ப்பவை அவை. கோடை வரிக்கு வரி திருப்பிச் சொல்லும் அந்த மாதிரி டெஸ்ட், எழுதும் முறையைக் கொஞ்சம் மாற்றினாலும் உடையும், நிஜமான தவறு வந்தால் உடையாது.

போலி சொல்வது நிஜமா

எஃப்சிங்க் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று இப்போது போலி சொல்கிறது. அதையும் கர்னலிடம் கேட்டுத்தான் உறுதி செய்ய வேண்டும். ரூட் அனுமதி தேவைப்படுவதால் இந்தச் சோதனை மட்டும் தனியாக ஒரு விர்ச்சுவல் மெஷினில் இரவில் ஓடுகிறது.

ஒரு பெரிய ஃபைலை டிஸ்க் போல நடிக்கும் லூப் சாதனமாக்கி, அதன் மேல் பிளாக்குகளை வேறிடத்துக்குத் திருப்பக்கூடிய லினக்ஸின் டிவைஸ் மேப்பரை வைத்து, எக்ஸ்ட்4 போட்டு மவுன்ட் செய்கிறோம். ஒரு ஃபைலில் தெரிந்த தரவை எழுதி, பதிய வைக்கிறோம். ஃபைல்ஃபிராக் கமாண்ட் அந்த ஃபைல் எந்த பிளாக்குகளில் இருக்கிறது என்று சொல்லும். டிஎம்செட்டப் மூலம் மேப்பரின் அட்டவணையை மாற்றி, அந்த பிளாக்குகளை மட்டும் எப்போதும் பிழையே தரும் 'எரர்' இலக்குக்குத் திருப்புகிறோம். மற்றவை வழக்கம்போல. பின்பு அதே ஃபைலின் அதே இடத்தில் புதிய தரவை எழுதி எஃப்சிங்க் கூப்பிட்டால் ஈஐஓ வருகிறது. மறுபடி கூப்பிட்டால் 0. அட்டவணையைப் பழையபடி சரிசெய்து, கேஷைக் காலி செய்து படித்தால் பழைய தரவு.

மொத்தச் சாதனத்திலும் எழுத்தைத் தோற்கடிக்கும் டிஎம்-ஃபிளேக்கி இந்த வேலைக்குச் சரிவராது. எக்ஸ்ட்4 தன் மாற்றங்களைக் குறித்து வைக்கும் ஜர்னலில் எழுதுவதும் சேர்ந்து தோற்றால், ஃபைல்சிஸ்டம் தன்னைப் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்போது இரண்டாவது எஃப்சிங்க் 0 திருப்பாது. தரவு பிளாக் மட்டும் தோற்கும்போதுதான் அந்த 0 வருகிறது.

கர்னல் பதிப்பை உயர்த்தும்போதெல்லாம் இந்தச் சோதனை முதலில் ஓடும். என்றாவது ஒரு கர்னல் இரண்டாவது எஃப்சிங்க்கிலும் பிழையையே திருப்பத் தொடங்கினால், நிஜச் சோதனை ஃபெயில் ஆகும், போலியைத் திருத்த வேண்டும் என்று தெரியும்.

இதில் சேராமல் நிற்பது லாக் எழுதும் மாட்யூல். அது எஃப்பிரின்ட்எஃப், எஃப்க்ளோஸ் வழியாக எழுதுகிறது, ராப் அதன் உள் ரைட்டைத் தொடாது. இடமில்லாத பாதையை டெவ் ஃபுல் கொண்டு சோதித்தாயிற்று. எஃப்சிங்க் பாதைக்கு, லாக்கையும் ஓபன், ரைட் வழியாக எழுதும்படி மாற்றும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. மாற்றியதும் அதே குட்டி ஃபைல்சிஸ்டத்தில் அதுவும் ஓடும்.